யாருக்கும் சொந்தமில்லாத எண்

28, 26, 33, 24, 34, −44.

1882ஆம் ஆண்டுக் கோடையில் வானியலாளர் சைமன் நியூகோம் ஒளியின் வேகத்தை அளந்து குறித்த எண்வரிசை இப்படித் தொடங்குகிறது. வாஷிங்டன் நகருக்கு எதிரே, போடொமாக் ஆற்றின் மேற்குக் கரையில் ஃபோர்ட் மயர் இருக்கிறது. அங்கே சுழலும் கண்ணாடி ஒன்றை வைத்து அதன்வழி ஒளிக்கற்றையை அனுப்பினார். அது ஆற்றைத் தாண்டி, ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தொலைவில் வாஷிங்டன் நினைவுத்தூணின் அடியில் இருந்த இன்னொரு கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. போய்வர 24,800 நானோநொடியும் கொஞ்சமும் ஆகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதினால் 28, 26, 33 என்று சின்னச் சின்ன எண்களாகக் கிடைக்கும். மொத்தம் 66 அளவீடுகள். 64 அளவீடுகள் 16க்கும் 40க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. அடங்காதவை இரண்டு: ஆறாவதாக வந்த −44, பத்தாவதாக வந்த −2.

மதிப்பீட்டு முறை எதற்காவது புதிதாக நிரல் எழுதினால் முதலில் இந்த 66 எண்களில்தான் ஓட்டிப் பார்ப்பேன். தரவு சிறியது, கையாலேயே சரிபார்க்கலாம். பழக்கமும் ஒரு காரணம். எல்லா எண்களையும் வைத்துச் சராசரி எடுத்தால் 26.2. அந்த இரண்டையும் நீக்கினால் 27.75. சராசரியில் பெரிய மாற்றமில்லை என்று தோன்றும். ஆனால் திட்டவிலக்கம் 10.7இலிருந்து 5.1க்கு இறங்கிவிடுகிறது. 66 பேர் பேசும் அவையில் இரண்டு பேர் சேர்ந்து 'எங்கள் அளவீட்டின் துல்லியம் இவ்வளவுதான்' என்று மொத்தக் கூட்டத்தின் சார்பாக அறிவித்துவிடுகிறார்கள்.

நியூகோம் என்ன செய்தார்? −44ஐ விட்டுவிட்டார். −2ஐ வைத்துக்கொண்டார். அதனால் சராசரி 27.3 ஆனது. இந்த அரைகுறை முடிவைப் பார்த்துப் பலர் புன்னகைப்பார்கள். நான் அதை மரியாதையோடு பார்க்கிறேன். எல்லா எண்களையும் வைத்துக் கணக்கிட்டால் −44 சராசரியிலிருந்து ஆறரைத் திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது, −2 இரண்டரைக்குச் சற்று மேல்தான். மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டினால் சந்தேகி என்ற வழக்கமான விதியில் −2 தேறிவிடும். காரணம் எளிது: திட்டவிலக்கத்தையே −44தான் ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறது. பெரிய விலகல் சின்ன விலகலுக்குக் காவல் நிற்கிறது. −44 வெளியேறிய பிறகுதான் −2இன் நிலை தெரியவரும். நியூகோம் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த படிகளுக்கான வழியை எழுதியவரும் அவரே. 1886இல் அமெரிக்கக் கணித இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதன் கோள் சூரியனைக் கடக்கும் நேரங்களை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கருவிகளில் குறித்ததை ஒப்பிட்டபோது, காஸின் மணிவடிவ வளைவு அனுமதிப்பதைவிடப் பெரிய பிழைகள் அதிகமாக வருவதைக் கண்டிருந்தார். அதற்கு அவர் சொன்ன வழி: பிழைகள் ஒரே வளைவிலிருந்து வரவில்லை, ஒரே மையமும் வெவ்வேறு அகலமும் கொண்ட பல மணிவளைவுகளின் கலவையிலிருந்து வருகின்றன என்று வைத்துக்கொள். அப்படி வைத்துக்கொண்டால் தொலைவில் நிற்கும் அளவீட்டை நீக்க வேண்டியதில்லை. அது அகலமான வளைவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதன் எடை தானாகவே குறைந்துவிடும். கலவை மாடலும் எடை குறைத்தலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு வெகுகாலம் இந்த இரண்டும் தனித்தனிக் குடும்பங்களாக வளர்ந்தன.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரவலை அளக்க, விலகல்களின் வர்க்கத்தைவிட விலகல்களின் சராசரி அளவே நடைமுறையில் நம்பகமானது என்று வானியலாளர் எடிங்டன் 1914இல் எழுதினார். தரவு மணிவளைவிலிருந்து வந்தால் வர்க்கம்தான் 12 சதவீதம் திறன் மிக்கது என்று 1920இல் புள்ளியியலாளர் ஃபிஷர் நிறுவினார். விவாதம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1960இல் ஜான் டூகி வந்து, மூன்று மடங்கு அகலமான வளைவிலிருந்து 1000க்கு 2 அளவீடுகள் கலந்தாலே அந்த 12 சதவீத ஆதாயம் கரைந்துவிடும் என்று காட்டினார். ஆயிரத்துக்கு இரண்டு! எந்த ஆய்வகத்தின் நோட்டிலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். 1964இல் பீட்டர் ஹூபர் இதற்கு ஒழுங்கான கோட்பாடு ஒன்றைத் தந்தார்: மையத்துக்கு அருகில் உள்ள புள்ளிகளுக்கு முழு எடை, ஒரு எல்லையைத் தாண்டியவற்றுக்குத் தூரத்துக்கு ஏற்பக் குறையும் எடை. அந்த எல்லையை 1.345 திட்டவிலக்கம் என்று வைத்தால், தரவு உண்மையிலேயே மணிவளைவாக இருக்கும்போது 95 சதவீதத் திறன் கிடைக்கும். விட்டுக்கொடுக்கும் ஐந்து சதவீதத்தை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று பார்க்கலாம். விபத்து நடக்காத ஆண்டிலும் கட்டியாக வேண்டிய பணம். இந்த உவமை என்னுடையதல்ல, 1960இல் ஃபிராங்க் ஆன்ஸ்கோம் சொன்னது.

அந்தப் பிரீமியம் இல்லாமலே பாதுகாப்புக் கிடைக்குமா என்ற கேள்விதான் என்னை எடையிட்ட லைக்லிஹுட்டுக்குக் கொண்டுவந்தது.

லைக்லிஹுட் என்றால், 'நான் எழுதிய மாடல் உண்மையானால் கையில் உள்ள தரவு வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு' என்ற அளவு. அது உச்சமாகும் இடத்தைத் தேடுவதே வழக்கமான மதிப்பீடு. தேடும்போது ஒவ்வொரு புள்ளியும் விடையைத் தன் பக்கம் இழுக்கும். மணிவளைவில் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும். எடையிட்ட முறையில் ஒவ்வொரு இழுப்பையும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்குகிறோம். இதுவரை ஹூபரும் இதையே செய்தார் என்று சொல்லலாம். வேறுபாடு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஹூபரின் எடை, 'நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்' என்று கேட்கும். புரூஸ் லிண்ட்சே 1994இல் அடித்தளம் போட, மரியாந்தி மார்கட்டூ, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அயனேந்திரநாத் பாசு, லிண்ட்சே மூவரும் 1998இல் உருக்கொடுத்த முறை வேறொன்றைக் கேட்கிறது: 'நீ இருக்கும் இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மாடல் எதிர்பார்த்தது? எத்தனை பேர் இருக்கிறீர்கள்?'

செய்முறை இதுதான். தரவை ஒரு சின்ன மணிவளைவால் பூசி மென்மையாக்கினால் ஒவ்வோர் இடத்திலும் தரவின் அடர்த்தி கிடைக்கும். மாடலையும் அதே வளைவால் மென்மையாக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவு மங்கவைத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். பிறகு தரவின் அடர்த்தியை மாடலின் அடர்த்தியால் வகுக்கிறோம். விகிதம் 1 என்றால் எதிர்பார்த்தபடி இருக்கிறது, எடையும் 1. இரண்டு அடர்த்திகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கும் ஹெலிங்கர் தூரத்திலிருந்து பிறக்கும் எடையைக் கணக்கிட, விகிதத்தின் வர்க்கமூலத்தை இரட்டித்து, ஒன்றைக் கழித்து, விகிதத்தாலேயே வகுக்க வேண்டும். எதிர்பார்த்ததைப் போல் 4 மடங்கு இருந்தால் எடை 0.75. 9 மடங்கென்றால் 0.56. 100 மடங்கென்றால் 0.19. இதே குடும்பத்தில் நெகட்டிவ் எக்ஸ்பொனென்ஷியல் என்று இன்னோர் எடை உண்டு. அதில் 100 மடங்குக்கு 0.03தான் மிஞ்சும். ஹெலிங்கர் தயங்கித் தயங்கி இறங்கும், மற்றது சட்டென்று இறங்கும். தரவில் தனித்தனிக் கோளாறுகள் இருந்தால் ஹெலிங்கர் போதும். கோளாறுகள் கும்பலாக, நல்ல தரவுக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்திருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இந்தக் கேள்வியின் நன்மை பெரிய தரவில் தெரியும். மணிவளைவிலிருந்து 1000 புள்ளிகள் எடுத்தால் அவற்றில் இரண்டு மூன்று, மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் விழுவது இயல்பு. தூரத்தைப் பார்க்கும் எடை அவற்றைத் தண்டிக்கும். எதிர்பார்ப்பைப் பார்க்கும் எடை தண்டிக்காது. அங்கே இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும், இருக்கிறார்கள், சரி என்று விட்டுவிடும். மாடல் உண்மையாக இருந்து, தரவு பெருகப் பெருக எல்லா எடைகளும் 1ஐ நெருங்கும். திறன் இழப்பு கடைசியில் இல்லாமலே போகும். பிரீமியம் தள்ளுபடி.

நியூகோமின் எண்களில் இதைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பது பலன் தரும். மென்மையாக்கும் வளைவின் அகலம் 2 என்று வைப்போம். முதல் சுற்றில், 66 எண்களும் சேர்ந்து தரும் சராசரி 26.2, திட்டவிலக்கம் 10.7 என்ற மாடலிலிருந்து புறப்பட்டால், −44இன் எடை பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. ஏறக்குறைய பூஜ்யம். −2இன் எடையோ 0.88! முதல் சுற்று −44ஐத் தூக்கி எறிந்துவிட்டு −2ஐ மடியில் வைத்துக்கொள்கிறது. நியூகோம் நின்றது சரியாக இந்த இடத்தில்தான். இரண்டாம் சுற்றில் திட்டவிலக்கம் சுருங்கிவிடுவதால் −2இன் எடை நூற்றில் சில பங்காக விழும். மாடல் 27.75, 5.1 என்ற எண்களுக்கு அருகில் நிலைகொள்ளும்போது 0.006 அளவுக்கு இறங்கிவிடும். யாரும் எதையும் அழிக்கவில்லை. இரண்டு எண்களும் கோப்பில் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் எடை எழுதப்பட்டு.

எடைகள் கிடைத்ததும் நான் முதலில் பார்ப்பது மதிப்பீட்டை அல்ல, எடைகளின் பட்டியலைத்தான். அதையும் தரவு வந்த வரிசையிலேயே பார்ப்பேன். நியூகோமின் முதல் பத்து அளவீடுகளுக்குள் −44, −2 இரண்டும் வந்துவிடுகின்றன. மீதி 64இல் மிகப் பெரியதான 40உம், மிகச் சிறியதான 16களில் ஒன்றும் அதே பத்துக்குள், எட்டாவது ஒன்பதாவது இடங்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. கருவி நிலைகொள்ளாத நேரமோ, கண் பழகாத நேரமோ. இது என் ஊகம்தான். ஆனால் அளவுவாரியாக அடுக்கிய பட்டியலில் இந்த ஊகத்துக்கே இடமிருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர்ந்தால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். இன்று நமக்குத் தெரிந்த ஒளிவேகத்தை நியூகோமின் தூரத்துக்குப் பொருத்தினால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எண் ஏறக்குறைய 33. இரண்டு விலகல்களையும் நீக்கிய சராசரி 27.75, அதன் நியமப்பிழை 0.64. உண்மை எட்டு நியமப்பிழைகளுக்கு அப்பால் இருக்கிறது. எல்லா எண்களையும் வைத்துக்கொண்ட பழைய சராசரியிலிருந்து பார்த்தால் ஐந்து நியமப்பிழைதான். விலகல்களுக்கு எளிதில் அசையாத இந்த 'ரோபஸ்ட்' முறை நம்மை உண்மைக்குச் சற்று நெருக்கமாகவே நகர்த்தியது, ஆனால் அதைவிட வேகமாக நம் தன்னம்பிக்கையைப் பெருக்கிவிட்டது. 64 அளவீடுகளும் ஒரே திசையில் ஒரே அளவு தவறினால் அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு முழு எடையோடு உட்கார்ந்திருக்கும். கருவியின் ஒட்டுமொத்தச் சாய்வை எந்த எடையும் பிடிக்காது. எடை என்பது தரவுக்கும் மாடலுக்கும் உள்ள உறவைச் சொல்வது, உண்மைக்கும் தரவுக்கும் உள்ள உறவை அல்ல. ரோபஸ்ட் முறையில் கிடைத்தது என்று அறிக்கையில் எழுதியதுமே வாசிப்பவர் நிம்மதியடைவதைப் பார்க்கிறேன். அந்த நிம்மதி எனக்குப் பிடிப்பதில்லை.

இனி மற்றக் குடும்பம், கலவை மாடல். 1894இல் கார்ல் பியர்சன், உயிரியலாளர் வெல்டன் நேப்பிள்ஸில் அளந்த 1000 நண்டுகளின் நெற்றி அகல விகிதத்தை எடுத்துக்கொண்டார். வரைபடம் ஒருபுறம் சாய்ந்திருந்தது. இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம் என்பது வெல்டனின் ஐயம். இரண்டு மணிவளைவுகளின் கலவையாக அதைப் பிரிக்க ஐந்து எண்கள் வேண்டும்: இரண்டு மையம், இரண்டு அகலம், ஒரு பங்கு. பியர்சன் தரவின் திருப்புத்திறன்களை, அதாவது சராசரியிலிருந்து விலகலின் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளின் சராசரிகளை, மாடலின் திருப்புத்திறன்களோடு சமன்செய்தார். கடைசியில் ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்று வந்து நின்றது. கணினி இல்லாத காலத்தில் அதைக் கையால் தீர்த்தார். அடுத்த ஆண்டே, ஒரே இனத் தரவுகூட இயல்பாகச் சாய்ந்திருக்கலாம் என்று சாய்வு வளைவுகளின் ஒரு பெரும் குடும்பத்தை அவரே வெளியிட்டார். அதே சாய்வை இரண்டு கூறாகவும் படிக்கலாம், சாய்ந்த ஒரே கூறாகவும் படிக்கலாம். கலவை மாடலின் தொல்லை முழுவதும் இந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது.

1977இல் டெம்ப்ஸ்டர், லெயர்ட், ரூபின் மூவரும் ஈஎம் என்ற வழிமுறையைப் பொதுவடிவில் எழுதிய பிறகு ஒன்பதாம் படிச் சமன்பாட்டைத் தொடவேண்டிய தேவை இல்லாமல் போனது. ஈஎம் ஒவ்வொரு புள்ளியையும் கூறுகளுக்கிடையே பங்குபோடும்: இந்த நண்டு 0.7 பங்கு முதல் இனம், 0.3 பங்கு இரண்டாம் இனம். அந்தப் பங்குகளை எடையாகக் கொண்டு ஒவ்வொரு கூறின் சராசரியையும் அகலத்தையும் திருத்தும். திரும்பப் பங்குபோடும். அழகான வழிமுறை. தவறு நடக்கும் இடமும் அந்தப் பங்குபோடலில்தான் இருக்கிறது: பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 ஆகியே தீர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கூறுகள், மையங்கள் 0, 4. இரண்டின் திட்டவிலக்கமும் 1, பங்கும் சமம். 2 என்ற இடத்தில் ஒரு புள்ளி வந்தால் ஈஎம் பாதிக்குப் பாதி என்று தயங்குகிறது. இரண்டு கூறுகளிலுமே அது சாதாரணமான புள்ளிதான், தயக்கம் நியாயம். 20 என்ற இடத்தில் ஒரு புள்ளி வந்தால்? இரண்டு கூறுகளுக்குமே அது ஆகாத புள்ளி. ஆனால் ஈஎம் தயங்குவதே இல்லை. வாய்ப்புகளின் விகிதம் இரண்டாம் கூறுக்குச் சாதகமாக, 1க்குப் பின்னால் 31 பூஜ்யங்கள் போட்ட எண்ணுக்கும் மேலே போய்விடுகிறது. இரண்டாம் கூறுக்கு முழுசாக எழுதிவைத்துவிடும். சாதாரணப் புள்ளியிடம் சந்தேகம், அபத்தமான புள்ளியிடம் முழு உறுதி. மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போது ஒரு கணம் வகுப்பே அமைதியாகிவிடும். பிறகு யாராவது, 'அப்ப ரெண்டுமே இல்லைன்னு சொல்ல அதுக்கு வாயே கிடையாதா?' என்று கேட்பார்கள்.

கிடையாது. 'இவர்களில் யார்' என்பது ஒரு கேள்வி. 'இவர்களில் யாராவதா' என்பது வேறு கேள்வி. ஈஎம்மின் பங்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை. இரண்டாவதற்கு விடை சொல்ல இன்னோர் எடை வேண்டும். மொத்தக் கலவை மாடலையும் தரவின் அடர்த்தியோடு ஒப்பிட்டு வரும் எடையிட்ட லைக்லிஹுட்டின் எடை அந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பங்கை அந்த எடையால் பெருக்கினால், 20இல் நிற்கும் புள்ளியின் பங்குகள் 0, 0.0001 என்பதுபோல் ஆகிவிடும். கூட்டுத்தொகை 1 ஆகவேண்டிய கட்டாயம் போய்விட்டது. அந்தப் புள்ளி யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்க அனுமதி பெற்றுவிட்டது. இரண்டு எண்களையும் பெருக்கிவிட்டு மறந்துவிடாமல் தனித்தனி நிரல்களாகச் சேமித்து வைப்பேன். பங்கு பாதிக்குப் பாதி, எடை 1 என்றால் அது எல்லையோரத்துப் பிரஜை. பங்கு முழுசு, எடை பூஜ்யம் என்றால் அது அந்நியன். பெருக்கிய எண்ணை மட்டும் பார்த்தால் எல்லையோரத்தவனும் அரைகுறை அந்நியனும் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

நியூகோம் வழியில், அகலமான ஒரு கூறைக் குப்பைக்கூடையாகச் சேர்ப்பதும் உண்டு. பேன்ஃபீல்டும் ராஃப்ட்ரியும் 1993இல் இரைச்சலுக்கென்றே தனிக் கூறு ஒன்றைச் சேர்த்தார்கள். கூறு ஒவ்வொன்றையும் தடித்த வால் கொண்ட ஸ்டூடன்ட் வளைவாக மாற்றுவது இன்னொரு வழி. இவை நல்ல வழிகளே. எனக்குள்ள குறை, குப்பை எந்த வடிவத்தில் வரும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொல்கின்றன என்பதுதான். குப்பைக்கு வடிவம் தெரிந்தால் அது பாதி குப்பை இல்லை.

எடையிட்ட முறையைக் கலவை மாடலுக்குக் கொண்டுவந்து மார்கட்டூ 2000இல் பயோமெட்ரிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒரே ஒரு காரணத்துக்காக. இந்தச் சமன்பாடுகளுக்குப் பல தீர்வுகள் இருக்கும். கணக்குப் போடுகிறவனுக்கு இது எரிச்சல். புறப்படும் இடத்தைப் பொறுத்து விடை மாறினால் எதை அறிக்கையில் போடுவது? அவர் அந்த எரிச்சலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நன்றாகப் பிரிந்த இரண்டு குவியல்கள் உள்ள தரவுக்கு ஒரே மணிவளைவைப் பொருத்த முயன்றால், முதல் குவியலில் ஒரு தீர்வும், இரண்டாவதில் ஒன்றும், இரண்டையும் சேர்த்து அணைக்கும் அகலமான ஒன்றும் என்று தீர்வுகள் பெரும்பாலும் மூன்றாக விழும். தீர்வுகளின் பன்மையே தரவுக்குள் பிரிவுகள் இருப்பதைச் சொல்கிறது. இரண்டு கூறுகள் என்று எழுதிய மாடலுக்குப் பல தீர்வுகள் கிடைத்தால், மூன்றாவது கூறு எங்கோ ஒளிந்திருக்கலாம் என்று தேடவேண்டும். ஒரு தீர்வில் அந்நியனாக நிற்பவன் இன்னொரு தீர்வில் குடிமகனாக இருப்பான்.

எல்லாத் தீர்வுகளையும் பிடிக்க, தரவிலிருந்து சின்னச் சின்ன மாதிரிகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தொடக்க மதிப்பைப் பெற்று, அங்கிருந்து சுற்றுகளை ஓடவிடுவார்கள். அந்தத் தொடக்க மதிப்புக்கு மார்கட்டூ எடுத்துக்கொண்ட கருவி எது தெரியுமா? பியர்சனின் திருப்புத்திறன் முறைதான். 1894இல் பிறந்து, ஈஎம் வந்ததும் ஓய்வுபெற்றுவிட்டதாக நாம் நினைத்த முறை நூறாண்டு கழித்துப் புறப்படும் இடம் காட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறது. குலுக்கும் மாதிரி சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக எடுத்தால் ஒவ்வொரு மாதிரியிலும் எல்லாக் குவியல்களும் கலந்து, எல்லா ஓட்டங்களும் அந்த அகலமான தீர்விலேயே போய் விழும். ரொம்பச் சிறிதானால் திட்டவிலக்கமே கணக்கிட முடியாத அசட்டு மாதிரிகள் வரும்.

நடைமுறையில் கையைக் கடிப்பது மென்மையாக்கும் வளைவின் அகலம். அதிகமாக வைத்தால் தரவும் மாடலும் ஒரே மங்கலாகி எல்லாருக்கும் எடை 1 கிடைத்துவிடும், பழைய லைக்லிஹுட்டையே சுற்றுவழியில் செய்ததாகும். குறைவாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் தலையில் தானே ஒரு சிகரம் வைத்துக்கொள்ளும். மாடல் எதிர்பாராத சிகரம் என்று நல்ல புள்ளிகளின் எடையும் சரியும். எடைகளின் சராசரியைப் பார்த்துக்கொண்டே அகலத்தை மெல்ல நகர்த்துவது என் வழக்கம். குறிப்பிட்ட நீளத்துக்கு அந்தச் சராசரி அசையாமல் நின்றால் அங்கே நிறுத்திக்கொள்வேன். இதற்குக் கோட்பாட்டு நியாயம் கேட்டால் கைவிரிப்பேன். இன்னொரு தொல்லை, கலவை மாடலின் பழைய நோய்: ஒரு கூறு ஒரே ஒரு புள்ளியின்மேல் உட்கார்ந்து தன் அகலத்தைப் பூஜ்யத்துக்குச் சுருக்கிக்கொண்டால் லைக்லிஹுட் எல்லையின்றி ஏறிவிடும். எடை இதிலிருந்து காப்பாற்றாது. ஏனென்றால் ஒற்றைப் புள்ளி, ஒற்றைப் புள்ளிக்கேற்ற மாடல், விகிதம் 1, எடை 1. கூறுகளின் அகல விகிதத்துக்கு ஒரு வரம்பு போட்டே ஆகவேண்டும். 1985இல் ஹாதவே சொன்ன அந்த வரம்பை நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நான்கு அளவீடுகளுக்கு மேல் சேர்ந்து வரும் தரவில் அடர்த்தி மதிப்பீடே தள்ளாடத் தொடங்கும். அங்கே இந்த முறையை அப்படியே நம்பச் சொல்லமாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு வேலையில் இது எப்படி வருகிறது என்று ஒன்று சொல்கிறேன். ரத்தத்தில் நோயெதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, தொற்று வந்தவர் வராதவர் என்று பிரிக்கும் கணக்கெடுப்புகள் உண்டு. மடக்கை எடுத்தால் தரவு இரண்டு குவியலாக நிற்கும், இரண்டு மணிவளைவுக் கலவை அங்கே வழக்கமான கருவி. அப்படியொரு தரவோடு வந்த ஆய்வு மாணவி, நடுப் பள்ளத்தில் எடை குறைந்து நின்ற புள்ளிகளைக் காட்டி, "சார், இந்த அவுட்லையரை எல்லாம் எடுத்துட்டா கட்-ஆஃப் அழகா வருது, எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க யாருன்னு பாத்தியாம்மா?"

"யாருன்னா... ஐடி நம்பர்தான் சார் இருக்கு."

"நம்பரோட வயசு, சாம்பிள் எடுத்த தேதி, பிளேட் நம்பர் மூணையும் சேர்த்துப் போட்டுப் பாரு. ஒரே பிளேட்டா இருந்தா மெஷின் கதை. ஒரே வயசா இருந்தா வேற கதை."

ரத்த மாதிரிகளைக் குழிகளில் ஊற்றிச் சோதிக்கும் பிளேட்டுகள் கலந்தே இருந்தன. வயதுதான் கலக்கவில்லை. பள்ளத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். எப்போதோ வந்த தொற்றில் ஏறிய எதிர்ப்பொருள் ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்து அந்த இடத்துக்கு இறங்கியிருக்கலாம். சின்ன மாதிரிகளைக் குலுக்கி ஓட்டியபோது தீர்வுகளும் இரண்டாகப் பிரிந்தன. ஒன்றில் நாம் எதிர்பார்த்த இரண்டு கூறுகள், நடுவில் நிற்பவர்களுக்குச் சொற்ப எடை. மற்றதில் மேல் கூறு இடப்பக்கம் நகர்ந்து அகன்று, நடுவில் நிற்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, உச்சியில் இருந்த சிலரை வெளியே விட்டிருந்தது. பிறகு மூன்று கூறுகளோடு ஓட்டினோம். எடைகள் ஏறக்குறைய எல்லாருக்கும் 1ஐத் தொட்டன. அப்போதும் உண்மையான அந்நியர்கள் சிலர் பூஜ்யத்திலேயே நின்றார்கள். அவர்களில் பலர் ஒரே பிளேட்டின் ஓரக் குழிகளைச் சேர்ந்தவர்கள். அது மெஷின் கதை.

கட்டுரை எழுதும்போது இரண்டு கூறுத் தீர்வுகள் இரண்டையும், மூன்று கூறுத் தீர்வையும் ஒரே அட்டவணையில் வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் எடைகளின் கூட்டுத்தொகையோடு. மதிப்பாய்வாளர் ஒருவர், வாசகர்கள் குழம்புவார்கள், இறுதி மாடலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமே என்று எழுதியிருந்தார். மாணவி அரை நாள் யோசித்துவிட்டு, எடை 0.1க்குக் கீழே உள்ளவர்களை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் இன்னொரு நிரலையும் அதே அட்டவணையில் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்.